மழையில் மட்டும் நின்றுவிடும் மோட்டார் சைக்கிள்: கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது?

காலையில் ஒரே உதையில் கிளம்பிய மோட்டார் சைக்கிள், மாலை மழையில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. எத்தனை முறை உதைத்தாலும் எஞ்சின் பிடிக்கவில்லை. தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மறுநாள் வெயில் ஏறிய பிறகு உதைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் நன்றாகவே ஓடுகிறது. கோளாறு கண்ணுக்குத் தெரியாததால், எதையாவது மாற்றிப் பார்ப்போம் என்று புதிய பேட்டரி போடுகிறார்கள். அடுத்த மழையில் வண்டி மறுபடியும் நிற்கிறது.

இப்படி ஒரு வண்டி உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருக்கலாம். மலேசியாவில் 16 வயதானால் பி2 உரிமம் எடுக்கலாம் என்பதால், உங்களில் சிலர் விரைவிலேயே சொந்தமாக வண்டி ஓட்டப் போகிறீர்கள். நம் நாட்டிலோ மழைக்குப் பஞ்சமில்லை. மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடிமழை. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. கொட்டும் மழையில், இருட்டில், லாரிகளுக்கு நடுவே எஞ்சின் திடீரென நிற்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே, மழைக்கும் மின்சாரத்துக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மழைநீர் வண்டியின் மின்சுற்றில் இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கிறது. ஒன்று, மின்சாரத்தைப் போகக் கூடாத இடத்துக்குப் போக வைக்கிறது. மற்றொன்று, போக வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது. இவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. எது நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.

நீரோடு சேர்ந்து வரும் கூட்டாளிகள்

"தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்" என்று சிறு வயதிலிருந்தே கேட்டிருப்போம். உண்மையில், முற்றிலும் தூய நீர் மிகவும் மோசமான கடத்தி. நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அயனிகள்தாம் மின்னோட்டத்தைச் சுமந்து செல்கின்றன. தூய நீரோடு ஒப்பிட்டால் கடல்நீர் ஏறக்குறைய ஒரு மில்லியன் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும்.

வானிலிருந்து விழும் மழைத்துளியில் உப்பு குறைவு. ஆனால் அது சாலையைத் தொட்டதும் நிலைமை மாறிவிடுகிறது. தூசி, டயர்த் துகள், எண்ணெய்க் கசடு, கரைந்த உப்புகள் எல்லாம் அதில் கலக்கின்றன. முன்சக்கரம் அந்தச் சேற்றுநீரை வாரி இறைக்கிறது. நம் ஊர் கப்சாய் வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சிலிண்டர் முன்சக்கரத்துக்குப் பின்னால் படுத்த நிலையில் இருக்கும். அதன் தலையில் செருகியிருக்கும் ஸ்பார்க் பிளக், சக்கரம் தெளிக்கும் நீருக்கு எளிதாக எட்டும் இடம். கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு இருப்பதால் தொல்லை இன்னும் கூடும்.

முதல் தொல்லை: கசியும் மின்சாரம்

வண்டியின் பேட்டரி 12 வோல்ட். ஆனால் ஸ்பார்க் பிளக்கின் முனையில் தீப்பொறி பறக்க 10,000 வோல்ட்டுக்கும் அதிகமான மின்னழுத்தம் தேவை. சாதாரண காற்றில் 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டவே சில ஆயிரம் வோல்ட் வேண்டும். சிலிண்டருக்குள் இருப்பதோ பிஸ்டன் நெருக்கி அழுத்திய காற்று. அழுத்தம் கூடக் கூட, அதைத் துளைத்துத் தாண்டுவது மின்சாரத்துக்குக் கடினமாகிறது.

இந்த உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குவது இக்னிஷன் காயில். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதன் அடிப்படை. குறைவான சுற்றுகள் கொண்ட முதன்மைச் சுருளில் மின்னோட்டம் சட்டென்று மாறும்போது, பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட துணைச் சுருளில் பெரும் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அது தடித்த ரப்பர் உறை போட்ட கம்பி வழியாகச் சென்று, பிளக் கேப் வழியே பிளக்கை அடைகிறது.

மின்சாரம் எப்போதும் தனக்கு எளிதான வழியைத் தேடும். பிளக் கேப்பின் ரப்பர் வெடித்திருந்தால், அல்லது கம்பியின் உறையில் மயிரிழை அளவு விரிசல் இருந்தால், வெயில் காலத்தில் அது தெரியாது. வறண்ட காற்று அங்கே காவலாக இருக்கிறது. மழையில் அந்த விரிசலுக்குள் சேற்றுநீர் புகுந்ததும், சிலிண்டரின் உலோக உடலுக்கு ஒரு குறுக்கு வழி திறக்கிறது. நெருக்கி அழுத்திய காற்றைத் தாண்டுவதைவிட, பீங்கானின் ஈரமான மேற்பரப்பில் ஊர்ந்து செல்வது மின்சாரத்துக்குச் சுலபம். தீப்பொறி சிலிண்டருக்குள் விழாமல் வெளியே வீணாகிறது. எஞ்சின் திக்கித் திணறுகிறது, அல்லது நின்றே விடுகிறது.

ஒரு ஸ்பார்க் பிளக்கை எடுத்துப் பாருங்கள். பல பிளக்குகளின் வெள்ளைப் பீங்கான் பகுதியில் வளையம் வளையமாக மடிப்புகள் இருக்கும். அவை அழகுக்காக அல்ல. மேற்பரப்பில் மின்சாரம் ஊர்ந்து செல்ல வேண்டிய தூரத்தை அவை நீட்டிக்கின்றன. உயர் அழுத்த மின்கம்பக் கோபுரங்களில் தொங்கும் தட்டுத் தட்டான காப்பான்களும் இதே தத்துவத்தில்தான் செய்யப்படுகின்றன.

இதில் இன்னொரு துப்பும் இருக்கிறது. மழையில் மெதுவாகப் போகும்போது ஒழுங்காக ஓடும் வண்டி, திராட்டலை முறுக்கியதும் திணறுகிறதா? திராட்டலைத் திறந்தால் சிலிண்டருக்குள் அதிகக் காற்று புகுந்து அழுத்தம் கூடுகிறது. தீப்பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில்தான் மின்சாரம் குறுக்கு வழியைத் தேர்ந்தெடுக்கிறது. மழையில் இப்படி நடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிளக் கேப்பையும் அதன் கம்பியையும்தான்.

இரண்டாவது தொல்லை: களிம்பு போடும் தடை

பூசை அறையிலுள்ள செம்புப் பாத்திரத்தைச் சில வாரம் தேய்க்காமல் விட்டால் கறுத்து, பிறகு பச்சையாகக் களிம்பு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அம்மா புளி போட்டுத் தேய்த்தால் மீண்டும் பளபளக்கும். வண்டியிலுள்ள கனெக்டர்கள், சுவிட்சுகள், கம்பி முனைகள் ஆகியவையும் செம்பாலோ பித்தளையாலோ ஆனவைதாம். ஈரம், காற்று, உப்பு மூன்றும் சேர்ந்தால் அங்கேயும் அதே களிம்பு.

வண்டியில் இது இன்னும் வேகமாக நடக்கக் காரணம் உண்டு. இரண்டு முனைகளுக்கு நடுவே அழுக்குநீர் நின்று, அவற்றில் 12 வோல்ட்டும் இருந்தால், அது வேதியியல் பாடத்தில் நீங்கள் பார்த்த மின்பகுப்புக் கலனேதான். நேர்முனையிலுள்ள செம்பு அயனிகளாகக் கரைந்து வெளியேறுகிறது. ஆகவே, கனெக்டரைப் பிரித்துப் பார்க்கும்போது நேர்மின் பக்கத்து முனை அதிகமாக அரித்திருப்பதைக் காணலாம்.

களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் என்ன ஆகும் என்பதை ஓம் விதியால் கணக்கிட்டுப் பார்ப்போம். பேட்டரி முனையில் களிம்பு ஏறி 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் மிகச் சிறிய எண்தான்.

ஹார்ன் 2 ஆம்பியர் எடுத்தால், இழப்பு 2 × 0.1 = 0.2 வோல்ட். ஹார்ன் வழக்கம்போலவே கத்தும்.

ஸ்டார்ட்டர் மோட்டார் 50 ஆம்பியர் எடுக்க வேண்டுமென்றால், இழப்பு 50 × 0.1 = 5 வோல்ட். 12 வோல்ட்டில் மீதி 7 வோல்ட்தான். உண்மையில் அவ்வளவு மின்னோட்டமே ஓடாது. மோட்டார் முனகும், அல்லது சுற்றவே சுற்றாது.

"ஹார்ன் அடிக்கிறது, விளக்கும் எரிகிறது, ஆகவே பேட்டரிப் பக்கம் கோளாறில்லை" என்று பலர் முடிவுகட்டுவது இதனால்தான் தவறாகிறது. சிறிய மின்னோட்டத்துக்கு வழிவிடும் களிம்பு, பெரிய மின்னோட்டத்தை மறித்துவிடும். அப்படி இழந்த வோல்ட் எங்கே போகிறது? வெப்பமாக மாறுகிறது. கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால், அங்கே தடை உண்டாகிச் சூடேறியிருக்கிறது என்று பொருள்.

நேரமே துப்பு

இந்த இரண்டு தொல்லைகளையும் பிரித்தறிய, கோளாறு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று குறித்து வைத்தாலே போதும்.

மழையில் அல்லது வண்டியைக் கழுவியதும் வந்து, காய்ந்ததும் தானாகப் போய்விடுகிறதா? பெரும்பாலும் அது கசிவு. பிளக் கேப், உயர் அழுத்தக் கம்பி, இக்னிஷன் காயில், நனையும் சுவிட்சுகள் ஆகியவற்றைப் பாருங்கள்.

மழைக்குச் சில நாள் அல்லது சில வாரம் கழித்து மெல்ல மெல்ல மோசமாகி, வெயிலிலும் போகாமல் இருக்கிறதா? பெரும்பாலும் அது களிம்பு. பேட்டரி முனைகள், எர்த் கம்பி, கனெக்டர்கள், பியூஸ் பிடிப்பான் ஆகியவற்றைப் பாருங்கள்.

மேடுபள்ளத்தில் குலுங்கும்போது வந்து வந்து போகிறதா? அரித்துப்போய்க் கடைசி இழையில் தொங்கும் கம்பியாக இருக்கலாம்.

பட்டறைக்குப் போகும்போது "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், இந்த விவரங்களைச் சொன்னால் மெக்கானிக்குக் கோளாறு பாதி பிடிபட்டுவிடும். தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவும் மிச்சமாகும்.

வழியில் நின்றுவிட்டால்

முதல் வேலை வண்டியைப் பார்ப்பதல்ல, உங்களைப் பாதுகாப்பது. அவசரத் தடத்தில் குனிந்து நின்று வண்டியை ஆராய வேண்டாம். மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கான மழை ஒதுங்கிடத்துக்கோ, எண்ணெய் நிலையத்துக்கோ, சாலையை விட்டு விலகிய வேறு பாதுகாப்பான இடத்துக்கோ தள்ளிச் செல்லுங்கள். அதன்பின் கீழ்க்காணும் வரிசையில் கேள்வி கேளுங்கள்.

1. சாவியைத் திருப்பினால் எந்த விளக்காவது எரிகிறதா? எதுவுமே எரியவில்லை என்றால், கோளாறு எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. பியூஸ், பேட்டரி முனை, சாவி சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று. பேட்டரி முனை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. விளக்குகள் எரிகின்றன, ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றவில்லையா? பொத்தானை அழுத்தும்போது "டக், டக்" என்று மட்டும் ஓசை கேட்டால், ரிலே வேலை செய்கிறது. மோட்டாருக்குப் போதிய மின்னோட்டம் போகவில்லை. பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது முனையில் களிம்பு இருக்கலாம். ஓசையே இல்லையென்றால் பொத்தானோ, பிரேக் சுவிட்சோ, ஸ்டாண்ட் சுவிட்சோ நனைந்து ஒத்துழைக்க மறுக்கலாம். பல ஸ்கூட்டர்களில் பிரேக்கைப் பிடித்தால்தான் ஸ்டார்ட்டர் இயங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

3. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, அல்லது உதைக்க முடிகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லையா? தீப்பொறிப் பக்கம் பாருங்கள். சாவியை அணைத்து, எஞ்சின் சற்று ஆறிய பிறகு பிளக் கேப்பைக் கழற்றுங்கள். அதன் உட்புறத்தையும், பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும், கம்பியையும் காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, மீண்டும் இறுக்கமாகச் செருகுங்கள். மழையில் நின்ற வண்டிகள் பல இந்த ஒரு வேலையிலேயே கிளம்பிவிடும்.

பிடிக்கவில்லையே என்று தொடர்ந்து உதைத்துக்கொண்டே இருக்காதீர்கள். தீப்பொறி இல்லாதபோது உள்ளே போகும் பெட்ரோல் எரியாமல் பிளக்கை நனைத்து, இருக்கும் சிக்கலோடு இன்னொரு சிக்கலைச் சேர்த்துவிடும்.

பழைய கப்சாய் வண்டிகள் பலவற்றில் தீப்பொறிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சின் சுற்றும்போது காந்தச் சக்கரம் தனியே உற்பத்தி செய்து சி.டி.ஐ. பெட்டிக்கு அனுப்புகிறது. அத்தகைய வண்டி மழையில் நின்றால், பேட்டரியை மாற்றுவதால் எந்தப் பயனும் இல்லை என்பது இப்போது புரிகிறதல்லவா?

மீட்டர் சொல்லும் உண்மை

மல்டிமீட்டர் ஒன்று கிடைத்தால், பெரியவர் ஒருவரின் துணையோடு இரண்டு சோதனைகளைச் செய்யலாம். எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஓய்ந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சினை இயக்கிச் சற்றே வேகம் கூட்டினால், அது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயரவில்லை என்றால் பேட்டரிக்கு மின்னூட்டம் வரவில்லை.

அடுத்தது களிம்பைக் கண்டுபிடிக்கும் சோதனை. மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் கம்பத்திலும், மற்றொன்றை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். எர்த் இணைப்பு நன்றாக இருந்தால் மீட்டர் பூச்சியத்துக்கு அருகிலேயே நிற்கும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. "ஓம் அளவில் வைத்து நேரடியாகத் தடையையே அளக்கலாமே?" என்று கேட்பீர்கள். மீட்டரின் கம்பிகளுக்கே 0.1 ஓம் அளவில் தடை இருக்கும். அவ்வளவு சிறியதை அது நம்பகமாகக் காட்டாது. மின்னோட்டம் ஓடும்போதுதான் களிம்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பிளக் கேப்பையோ, எஞ்சின் ஓடும்போது அதன் கம்பியையோ ஒருபோதும் கையால் தொட்டுச் சோதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றித் தீப்பொறி பறக்கிறதா என்று பார்ப்பதையும் மெக்கானிக்கிடமே விடுங்கள். அருகில் பெட்ரோல் ஆவி இருந்தால் அந்தச் சிறு பொறியே தீ விபத்தாகிவிடும்.

ஊசிமுனை வழியாகப் பெட்ரோல் செலுத்தும் புதிய வண்டிகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அவற்றின் கணினி, உணரிகள் அனுப்பும் 5 வோல்ட்டுக்கு உட்பட்ட சமிக்ஞைகளைப் படித்துத்தான் எரிபொருளைத் தீர்மானிக்கிறது. எஞ்சின் வெப்ப உணரி, சூடு குறைந்தால் தடை கூடும் வகையைச் சேர்ந்தது. அதன் கனெக்டரில் களிம்பு ஏறினால் தடை கூடுகிறது. எஞ்சின் உண்மையில் சூடாக இருந்தாலும் கணினி, "எஞ்சின் குளிர்ந்திருக்கிறது" என்று ஏமாந்து அதிகப் பெட்ரோலைச் செலுத்தும். மீட்டர் பலகையில் எஞ்சின் விளக்கு எரிந்தால், உணரியை மாற்றுவதற்கு முன் அதன் கனெக்டரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வருமுன் காப்போம்

கனெக்டர்களைத் துடைத்துக் காய வைத்து, மின்கடத்தாக் கிரீஸ் சிறிதளவு பூசலாம். மின்சாரம் கடத்தாத கிரீஸை மின் இணைப்பில் பூசலாமா என்ற ஐயம் எழும். உலோகமும் உலோகமும் இறுகத் தொடும் இடத்திலிருந்து கிரீஸ் விலகிக்கொள்ளும். சுற்றியுள்ள இடைவெளியை மட்டும் நிரப்பி நீரை உள்ளே விடாது. புளி, எலுமிச்சை வைத்தியம் பாத்திரத்துக்குச் சரி, கனெக்டருக்கு வேண்டாம். மிச்சமிருக்கும் அமிலம் மீண்டும் அரிக்கும்.

கடைகளில் கிடைக்கும் டபிள்யூ.டி.-40 என்ற தெளிப்பான் 1953-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. "நீரை விலக்கும் பொருள், 40-ஆவது முயற்சி" என்பதே அதன் பெயரின் பொருள். நனைந்த இணைப்பிலிருந்து நீரை வெளியேற்ற அது உதவும். ஆனால் அது தீப்பற்றக் கூடியது. சூடான எஞ்சின்மீதும் புகைபோக்கிமீதும் தெளிக்காதீர்கள். பிரேக்கில் படவே கூடாது.

ஓடி வந்த சூட்டோடு வண்டியை உயர் அழுத்த நீரால் கழுவுவதைத் தவிருங்கள். சூடான கேப்புக்குள் இருக்கும் காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கும்போது, வெளியே இருக்கும் நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

பியூஸ் அடிக்கடி எரிந்தால், அதற்குப் பதிலாகக் கம்பித் துண்டையோ பெரிய ஆம்பியர் பியூஸையோ போடுவது மிகவும் ஆபத்தானது. அப்போது பியூஸுக்குப் பதிலாக வண்டியின் கம்பிகளே எரியும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையும் உடனே இயக்கக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் எஞ்சினே உடையலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பட்டறைக்கு எடுத்துச் செல்வதே வழி.

செய்து பாருங்கள்

தேவையானவை: 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி. விளக்கு, 470 ஓம் மின்தடை, இரண்டு செம்புக் கம்பிகள், ஒரு கண்ணாடிக் குவளை, காய்ச்சி வடித்த நீர், உப்பு.

பேட்டரி, மின்தடை, எல்.இ.டி., இரண்டு செம்புக் கம்பிகள் ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். கம்பிகளின் முனைகள் ஒன்றையொன்று தொடாமல் குவளையில் தொங்கட்டும். முதலில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். விளக்கு எரியாது, அல்லது இருட்டில் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவுக்கு மங்கலாக எரியும். பிறகு ஒரு சிட்டிகை உப்பைக் கரையுங்கள். விளக்கு பளிச்சென்று எரியும். இது முதல் தொல்லை.

சில நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள். ஒரு கம்பியில் குமிழிகள் எழும். மற்றொரு கம்பியின் நிறம் மாறி, நீர் கலங்கும். நிறம் மாறிய கம்பி பேட்டரியின் எந்த முனையோடு இணைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இது இரண்டாவது தொல்லை. காற்றோட்டமான இடத்தில், பெரியவர் முன்னிலையில் செய்யுங்கள். வீட்டுச் சுவர் மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. முடிந்ததும் நீரைக் கொட்டிவிட்டுக் கைகளைக் கழுவுங்கள்.

அடுத்த முறை மழையில் ஒரு வண்டி நின்றால், "எதை மாற்றலாம்?" என்று தொடங்காமல், "மின்சாரம் எங்கே கசிகிறது, எங்கே தடைபடுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள், மாணவர்களே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதித்து, என்ன மாறியது என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருக்கக் கற்றுக்கொள்கிறீர்களே, சாலையோரத்திலும் அதே முறைதான் கைகொடுக்கும்.